பைத்தானில் என்கிரிப்ஷன்: 'கிரிப்டோகிராஃபி' லைப்ரரி எப்படி?

பைத்தானோடு ஹாஷ் கணக்கிட ஹாஷ்லிப் வருகிறது, தகவல் மாறவில்லை என்று சாவியோடு சரிபார்க்க ஹெச்மேக் வருகிறது, ரேண்டம் சாவி எடுக்க சீக்ரெட்ஸ் வருகிறது, ஆனால் தகவலைப் பூட்டும் என்கிரிப்ஷன் முறையான ஏஇஎஸ் மட்டும் வருவதில்லை. வாடிக்கையாளரின் ஃபோன் நம்பரை என்கிரிப்ட் செய்து டேட்டாபேஸில் வைக்கவேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை எடுத்தே ஆகவேண்டும். நான் வேலையில் பயன்படுத்துவது 'கிரிப்டோகிராஃபி'. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

காரணம் இதுதான். ஏஇஎஸ் 2001-இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி தரமாக அறிவித்தது, அதை நடைமுறையில் உடைக்கும் வழியை இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனால் அது ஒரு தடவைக்கு 16 பைட்டைத்தான் தொடும். நீளமான தகவலை 16 பைட் துண்டுகளாக (பிளாக்) வெட்டி எப்படிக் கோர்ப்பது என்பதை 'மோடு' என்ற தேர்வு தீர்மானிக்கிறது, தகராறு முழுக்க அங்கேதான். 'மதுரை' என்ற சொல் யுடிஎஃப்-8-இல் 15 பைட். இடத்தை நிரப்ப ஒரு பைட் (பேடிங்) சேர்த்தால் சரியாக ஒரு பிளாக். இதை, ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகப் பூட்டும் ஈசிபி மோடில் போட்டால், சாவி மாறாதவரை, மதுரைக்காரர்கள் அத்தனை பேருடைய வரிசையிலும் அச்சு அசலாக ஒரே குப்பை எழுத்துகள் நிற்கும், சாவி இல்லாதவனும் எந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிவிடுவான். பைகிரிப்டோ என்ற பழைய லைப்ரரியில் மோடு எதுவும் சொல்லாமல் விட்டால் கிடைப்பது இந்த ஈசிபிதான். 2013-க்குப் பிறகு அதற்குப் புதிய வெளியீடே இல்லை, இருந்தும் அதை வைத்து எழுதிய கோடை இன்னும் பலர் அப்படியே எடுத்து ஒட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

'கிரிப்டோகிராஃபி'யில் இருக்கும் ஃபெர்னெட் என்ற ரெடிமேட் வசதி இந்த முடிவை உங்களிடம் விடுவதே இல்லை. 128 பிட் சாவியோடு ஏஇஎஸ், ஒரு பிளாக்கை முந்தையதோடு கோர்க்கும் சிபிசி மோடு, ஒவ்வொரு முறையும் புது ஐவி (ரேண்டம் தொடக்க மதிப்பு), அதன்மேல் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் ஹெச்மேக்-ஷா256 முத்திரை, எல்லாம் உள்ளேயே முடிந்துவிடும். சாவி ஒன்று, என்கிரிப்ட் ஒன்று, டீகிரிப்ட் ஒன்று, அவ்வளவுதான் நீங்கள் எழுதவேண்டியது. இடையில் யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தால் அரைகுறையாக எதையும் திருப்பித் தராமல் பிழை காட்டி நின்றுவிடும். வெறும் சிபிசி இதைச் செய்யாது. பேடிங் சரியா தவறா என்று சர்வர் சொல்லும் பதிலை வைத்தே உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று கிரிப்டோகிராஃபி ஆய்வாளர் வோடெனே 2002-லேயே காட்டிவிட்டார். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் மாதிரி விஷயங்களுக்கு, ஃபெர்னெட் தரும் டோக்கனின் (என்கிரிப்ட் ஆன எழுத்துத் தொடரின்) ஆயுளை நொடிக்கணக்கில் கொடுத்துச் சரிபார்க்கவும் வசதி உண்டு.

சரி, குறைகள். முதலில் அளவு. 10 இலக்க ஃபோன் நம்பரை ஃபெர்னெட்டில் போட்டால் 100 எழுத்து டோக்கனாக வெளியே வரும்: பதிப்புக்கு 1 பைட், உருவான நேரத்துக்கு 8, ஐவிக்கு 16, தகவலுக்கு 16, முத்திரைக்கு 32, ஆக 73 பைட், அதை பேஸ்64 முறையில் சாதாரண எழுத்துகளாக மாற்றினால் 100. டேபிளில் 50 எழுத்துக்கு இடம் விட்டிருந்தால் அந்த நெடுவரிசையையே (column) மாற்றவேண்டும். அப்புறம், அந்த நேரம் என்கிரிப்ட் ஆவதில்லை, டோக்கன் எப்போது உருவானது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முழுத் தகவலும் மெமரியில் ஏறவேண்டும் என்பதால் பெரிய வீடியோ ஃபைலுக்கெல்லாம் இது ஆகாது. ஒப்பந்தத்தில் ஏஇஎஸ் 256 பிட் என்று எழுதியிருந்தாலும் ஆகாது.

அந்த இடத்தில் இதே லைப்ரரியின் ஹாஸ்மேட் என்ற உள்பகுதிக்குப் போய், முத்திரையும் சேர்ந்தே வரும் ஏஇஎஸ்-ஜிசிஎம் மோடை எடுக்கவேண்டியிருக்கும். தெரியாமல் தொடாதே என்று ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள், அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒரே சாவியோடு ஒரே 12 பைட் நான்ஸை (ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவேண்டிய மதிப்பை) இரண்டு முறை பயன்படுத்திவிட்டால் ரகசியமும் போச்சு, முத்திரையின் நம்பகமும் போச்சு. ஆனால் ஃபெர்னெட்டில் இல்லாத ஒரு நல்ல விஷயம் இங்கே இருக்கிறது: வாடிக்கையாளரின் ஐடியைக் கூடுதல் தகவலாகச் சேர்த்து என்கிரிப்ட் செய்யலாம். ஒருவருடைய என்கிரிப்ட் ஆன சம்பளத்தை எடுத்து இன்னொருவர் வரிசையில் ஒட்டினால் டீகிரிப்ட் ஆகாது. சம்பளம், மருத்துவ விவரம் மாதிரியான டேட்டாவுக்கு இதற்காகவே ஜிசிஎம் பக்கம் போகலாம்.

'கிரிப்டோகிராஃபி'க்குள் 2021-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ரஸ்ட் என்ற மொழியில் எழுதிய கோடு உள்ளே வந்தது, அதனால் இன்ஸ்டால் ஆகவில்லை என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. இப்போது பெரும்பாலான சிஸ்டங்களுக்கு ஏற்கெனவே தயாரான இன்ஸ்டால் ஃபைல் (வீல்) கிடைக்கிறது, இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப்பைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

பைகிரிப்டோவின் வழியில் வந்த பைகிரிப்டோடோம் என்ற இன்னொரு லைப்ரரியும் மோசமில்லை. பழைய பைகிரிப்டோ கோடை அதிகம் மாற்றாமல் ஓட்ட அதுதான் வசதி, மோடு சொல்லாமல் விடவும் அது அனுமதிப்பதில்லை. ஆனால் ஈசிபி முதல் ஜிசிஎம் வரை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துவிடுகிறது, புதிதாக வருபவர் எதை எடுப்பார்?

சாவியை எங்கே வைப்பது என்பதை மட்டும் எந்த லைப்ரரியும் தீர்த்துத் தராது. கோடுக்குள் எழுதி, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்டில் (Git) ஏற்றாதீர்கள். சாவி கசிந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் பல சாவிகளை ஏற்கும் மல்டிஃபெர்னெட்டில் புதிய சாவியை முதலில் வைத்து, பழையதைப் பின்னால் வைத்து, ரொட்டேட் கொடுத்து ஒவ்வொரு டோக்கனாக மாற்றிக்கொள்ளலாம். கடைசி வரிசையும் மாறிய பிறகு பழைய சாவியை எடுத்துவிடுங்கள்.