மாடியறையில் ஆறு ஞாயிறுகள்: சுங்கை சிப்புட் வரலாற்று வகுப்பைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடையின் மாடியறையில் நடந்த ஆறு வார வரலாற்று வகுப்பில் சேர்ந்து, ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்வந்தேன். ஐரோப்பாவில் நிலப்பிரபுத்துவம் எப்படி முதலாளித்துவமாக மாறியது என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் விவாதமே வகுப்பின் பொருள். கட்டணம் 60 ரிங்கிட். ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் 7 மணிக்கு முன் யாரும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கணக்கு எழுதும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இங்கிலாந்துக் குடியானவர்களைப் பற்றிய சண்டையில் எனக்கு என்ன இருக்கிறது என்ற தயக்கத்தோடுதான் முதல் நாள் படியேறினேன். மூன்றாம் வாரத்தில் அந்தத் தயக்கம் போய்விட்டது. வகுப்பின் மீது எனக்கு இரண்டு வருத்தங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் மாரிஸ் டாப், பால் சுவீசி ஆகிய இருவருக்கும் இடையே நடந்த வாதத்துக்கு ஒதுக்கப்பட்டன. கேம்பிரிட்ஜ் பொருளியலாளரான டாப், முதலாளித்துவ வளர்ச்சியைப் பற்றிய தம் ஆய்வை 1946இல் நூலாக வெளியிட்டார். பிரபுக்களுக்குப் பணத்தேவை பெருகியது. அதைத் தீர்க்கக் குடியானவர்களைப் பிழிந்தார்கள். பிழியப்பட்டவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். அந்த அமைப்பு தன் உள் முரண்பாட்டினாலேயே நிலைகுலைந்தது என்பது அவர் வாதம். அமெரிக்கரான சுவீசி 1950இல் இதை மறுத்தார். நிலப்பிரபுத்துவம் தானாக மாறக்கூடிய அமைப்பு அன்று, நெடுந்தொலைவு வணிகமும் அதனால் வளர்ந்த நகரங்களும் வெளியிலிருந்து வந்து அதைக் கரைத்தன என்றார். ஆசிரியர் இருவருக்கும் சமமாக நேரம் கொடுத்தார். டாப்பின் தரப்பைச் சொல்லும்போது அவர் குரல் சற்று உயர்ந்தது உண்மைதான். அதற்காகச் சுவீசியின் கேள்வியை மட்டம் தட்டவில்லை. ஓடிப்போவதற்கு ஒரு நகரம் இல்லாவிட்டால் குடியானவன் எங்கே ஓடியிருப்பான் என்று சுவீசியின் பக்கம் நின்று அவரே எங்களைக் கேட்டார். பதில் சொல்ல வகுப்பில் வெகுநேரம் யாருக்கும் வாய் வரவில்லை.

ஜப்பானிய அறிஞர் கோஹாச்சிரோ தகஹாஷி இந்த விவாதத்துக்குள் வந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலாளித்துவத்துக்கு இரண்டு வழிகள் உண்டு என்று மார்க்ஸ் சொன்னதை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்று, உற்பத்தி செய்பவனே வளர்ந்து வணிகனாகவும் முதலாளியாகவும் ஆவது. மற்றது, வணிகன் மேலிருந்து வந்து உற்பத்தியைத் தன் கைக்குள் கொண்டுவருவது. இங்கிலாந்து முதல் வழியில் போனது, பழைய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவும் ஜப்பானும் இரண்டாவது வழியில் போயின என்பது தகஹாஷியின் கணிப்பு. ஐரோப்பாவின் கதையை ஓர் ஆசியர் தம் நாட்டை நினைத்துக்கொண்டே படித்திருக்கிறார் என்பதைக் கேட்டபோது, நானும் அப்படிப் படிக்கலாம் என்ற துணிவு வந்தது.

என் முதல் வருத்தத்தை இங்கே சொல்வதுதான் பொருத்தம். வாரந்தோறும் தரப்பட்ட கைப்பிரதிகள் பல கைகளில் மொழிபெயர்க்கப்பட்டவை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு பக்கத்தில் நிலப்பிரபுத்துவம், அடுத்த பக்கத்தில் நிலமானிய முறை, இன்னொரு பக்கத்தில் பண்ணை முறை என்று ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நிலத்தோடு கட்டுண்ட ஐரோப்பியக் குடியானவனை ஓரிடத்தில் பண்ணையடிமை என்றும் மற்றோரிடத்தில் வெறுமனே அடிமை என்றும் எழுதியிருந்தது விவாதத்தின் அடிப்படையையே குலைத்துவிடுகிறது. அடிமைக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. பண்ணையடிமைக்கோ ஒரு துண்டு நிலமும் ஏரும் மாடும் குடும்பமும் உண்டு. தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ள அவனால் முடியும். அவனிடமிருந்து உபரியைப் பறிக்கப் பிரபுவுக்குச் சட்டமும் நீதிமன்றமும் ஆயுதமும் தேவைப்பட்டது இதனால்தான். கூலித் தொழிலாளியிடம் நிலமும் இல்லை, கருவியும் இல்லை. அவனை வேலைக்கு விரட்டப் பசியே போதும். மாற்றம் எங்கே நடந்தது என்று தேடுபவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் வாய்மொழியாக இதை நன்றாகவே விளக்கினார். கைப்பிரதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பவர்களுக்கு அந்த விளக்கம் கிடைக்காது. அடுத்த முறைக்குள் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாப் பிரதிகளிலும் கலைச்சொற்களை ஒன்றாக்கிவிட வேண்டும்.

மூன்றாம் வாரம் அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பிரென்னர். இந்த ஒரு மாலைக்காகவே 60 ரிங்கிட் தரலாம். 1348இல் இங்கிலாந்தை எட்டிய கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போயிற்று. ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது, குடியானவர்களின் பேரம் பேசும் பலம் கூடியது, நிலப்பிரபுத்துவம் தளர்ந்தது என்று மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு போஸ்டன், லெ ராய் லதுரி போன்ற வரலாற்றாசிரியர்கள் விளக்கிவந்தார்கள். பிரென்னர் 1976இல் எழுதிய கட்டுரையில் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஆள் பற்றாக்குறை ஐரோப்பா முழுவதிலும் ஏற்பட்டது; ஒரே காரணம் எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தந்ததா? ஆசிரியர் வெண்பலகையில் நீல மையால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, இது ஜெர்மனி வழியாக ஓடும் எல்பே ஆறு என்றார். கோட்டுக்கு மேற்கே குடியானவர்கள் விடுதலை பெற்றார்கள். கிழக்கே, ஆள் குறைந்த அதே காரணத்தைக் காட்டி, பிரபுக்கள் அவர்களை முன்னைவிட இறுக்கமாக நிலத்தோடு கட்டினார்கள். ஆகவே, தலைகளின் எண்ணிக்கை எதையும் தீர்மானிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு பலம், கிராமம் எவ்வளவு ஒன்றுபட்டு நின்றது என்பதே தீர்மானித்தது.

அதன்பின் கோட்டுக்கு மேற்கேயும் ஒரு பிரிவைக் காட்டினார். பிரான்சில் குடியானவன் விடுதலையோடு நிலத்தையும் தக்கவைத்துக்கொண்டான். வரி வாங்கும் அரசு அவன் நிலத்தில் நிலைத்திருப்பதையே விரும்பியது. இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டுச் சட்டம் கூலியை உயரவிடாமல் பிடித்துவைக்கப் பார்த்தது. 1381இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காலப்போக்கில் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களிடமே நின்றது. அவர்கள் அதைப் போட்டிக் குத்தகைக்கு விட்டார்கள். அதிகக் குத்தகை கொடுப்பவனுக்கே நிலம் என்று ஆனபின், குத்தகைக்காரன் செலவைக் குறைத்து விளைச்சலைப் பெருக்கியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நிலம் அவன் கையில் இராது. சந்தை ஒரு வாய்ப்பாக இருந்தது போய், தப்பமுடியாத கட்டாயமாக மாறிய இடம் இதுதான் என்பது பிரென்னரின் வாதத்தின் உயிர். வீட்டுக் கொல்லையில் விளைந்த முருங்கைக்காயைச் சந்தையில் விற்கிறவள் விற்காமலும் இருக்கலாம். கொல்லையே இல்லாதவள் தன் கையை விற்காமல் இருக்க முடியாது என்று ஆசிரியர் சொன்னதை அப்படியே குறித்துவைத்திருக்கிறேன்.

பிரென்னருக்கு வந்த மறுப்புகளையும் அவர் விடவில்லை. இங்கிலாந்துக் குடியானவர்களின் நில உரிமை பிரென்னர் சொல்லும் அளவுக்கு நலிந்ததாக இல்லை என்றும், சிறு உழவர்களே விளைச்சலைப் பெருக்கினார்கள் என்றும் வாதிட்டவர்கள் உண்டு. பிரான்சின் கீ புவா, மார்க்சியத் தரப்பிலிருந்தே பிரென்னரை மறுத்து, அரசியல் பலத்தை மட்டும் பார்த்துப் பொருளாதார விதிகளை மறந்துவிட்டார் என்றார். இந்த மறுப்புகளைக் கேட்ட பின்பும் எல்பே ஆற்றுக் கோடு என் மனத்திலிருந்து அழியவில்லை. என் தீர்ப்பு பிரென்னரின் பக்கமே சாய்கிறது.

நான்காம் வாரம், உலகம் முழுவதையும் ஒரே பொருளாதார அமைப்பாகப் பார்க்கும் அமெரிக்கச் சமூகவியலாளர் வாலர்ஸ்டீனின் உலக அமைப்புக் கோட்பாட்டுக்கு. 1974இல் வெளிவந்த முதல் தொகுதியில், போலந்தில் ஏற்றுமதிக்காகத் தானியம் விளைவித்த பண்ணையடிமையும் உலக முதலாளித்துவத்தின் ஓர் உறுப்பே என்கிறார் அவர். அன்று ஆசிரியருக்கு உடல்நலம் சரியில்லை. வேறொருவர் கைப்பிரதியைப் படித்துக்காட்டினார். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு மிக நெருக்கமான கோட்பாடு அதுதான் என்பதால், அந்த வாரத்தை மீண்டும் நடத்தியிருக்கலாம்.

ஐந்தாம் வாரம் இந்தியா. வரலாற்றாசிரியர் ஆர். எஸ். சர்மா 1965இல் இந்திய நிலப்பிரபுத்துவம் என்று ஒன்றை நிறுவ முயன்றதும், நிலக்கொடைகளையும் வணிகச் சரிவையும் அதற்குச் சான்றாகக் காட்டியதும், ஹர்பன்ஸ் முகியா இந்திய உழவன் தன் உற்பத்தியைத் தானே நடத்தியவன் ஆதலால் அந்தச் சட்டகம் இங்கே பொருந்தாது என்று மறுத்ததும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு காவிரிக் கரையில் நிலவுரிமை மாறிவந்ததைக் காட்டிய பகுதி நன்றாக இருந்தது. அந்தக் கரையின் பண்ணையாட்கள் பலரின் வழித்தோன்றல்கள்தாம் பின்னாளில் கப்பலேறி இங்கே வந்தார்கள்.

ஆறாம் வாரம்தான் எல்லோரும் காத்திருந்த வாரம். என் இரண்டாம் வருத்தமும் அதில்தான். மலாயாத் தோட்டம் முதலாளித்துவமா, நிலப்பிரபுத்துவத்தின் எச்சமா என்பது கேள்வி. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நட்டார்கள். சில ஆண்டுகளுக்கு வேலையை விட்டு விலகமுடியாதபடி கட்டிய ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவந்த முறை 1938இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. கங்காணி கொண்டுவந்த ஆள் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். கூலி உண்டு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டு, விற்பனை லண்டன் சந்தைக்கு. எல்லாம் முதலாளித்துவத்தின் இலக்கணப்படியே இருக்கிறது. பின் ஏன் அது ஊர்ப் பண்ணையைப் போலவே இருந்தது என்று ஆசிரியர் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த, ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை பார்த்த ஒரு மூதாட்டி, "எங்கப்பாவைத் தொரை கட்டிப் போடலை தம்பி. கடைக் கணக்குதான் கட்டிப் போட்டுச்சு" என்றார். "அதைத்தானம்மா நானும் சொல்ல வந்தேன், நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க" என்று ஆசிரியர் அமர்ந்துவிட்டார்.

அதன்பின் இந்திய வரலாற்றாசிரியர் ஜைரஸ் பனாஜியின் வாதத்துக்கு வந்தார். சுரண்டலின் வடிவத்தை மட்டும் வைத்து அமைப்பைத் தீர்மானிக்கக் கூடாது, முன்பணமும் கடனும் மறைந்திருக்கும் கூலியாக இருக்கலாம் என்பதைத் தக்காணத்துச் சிறு உழவர்களைக் கொண்டு 1977இல் காட்டியவர் பனாஜி. அந்தப் பார்வையில், கங்காணியின் முன்பணமும் கடைப் பற்றும் பழைய உலகத்தின் மிச்சமாக இருக்கத் தேவையில்லை. முதலாளித்துவம் தனக்கு ஆள் சேர்க்கவும் சேர்த்த ஆளைப் பிடித்துவைக்கவும் கண்ட வழிகளாகவே இருக்கலாம். இவ்வளவு கனமான கருத்துக்குக் கிடைத்தது கடைசிப் பதினைந்து நிமிடம். முதல் இரண்டு வாரங்களை ஒன்றாகச் சுருக்கிக்கூட இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்கலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தை இங்கிலாந்தில் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய வேலியடைப்போடு ஒப்பிட்டு ஒருவர் பேசினார். நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த அச்சத்தின் நடுவில்தான் என்பதால், அவர் அப்படி நினைப்பது இயல்பு. ஆனாலும் அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. வேலியடைப்பில் பொதுநிலத்தில் மேய்ச்சலுரிமை பெற்றிருந்தவர்கள் அதை இழந்தார்கள். நமக்கு நிலத்தில் எந்த உரிமையும் இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவே. வேலையும் கூரையும் ஒரே நாளில் போவது வேறு வகை இழப்பு. அதற்கு நம் மொழியிலேயே ஒரு பெயர் கண்டுபிடிக்க வேண்டும்.

சேர நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். மாடிப்படி செங்குத்தானது, முட்டிவலி உள்ளவர்கள் கைப்பிடிக் கம்பி இல்லை என்பதை மனத்தில் கொள்ளவும். இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடுகிறது. இடைவேளையில் தரும் தேநீரும் பருப்பு வடையும் கட்டணத்தில் அடக்கம். முன்னறிவு தேவையில்லை, ஆங்கிலம் தெரியாதவர்களும் தயங்காமல் வரலாம், வகுப்பு முழுவதும் தமிழில்தான்.

கடைசி ஞாயிறன்று அப்பாவின் பற்றுப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று கடைக்காரர் ஊதா மையில் எழுதிய ஒவ்வொரு மாதப் பக்கத்தின் தலைப்பிலும் முன்பாக்கி என்ற சொல் இருக்கிறது. நான் புரட்டிப் பார்த்தவரையில் அது இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆசிரியர் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே பிடித்துப் படித்தார். அடுத்த சுற்றின் ஆறாம் வாரக் கைப்பிரதியில் ஒரு பக்கத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டார். கீழே கடையில் படியெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பெயரையும் மறுபடி பதிந்திருக்கிறேன்.