அடுப்பு நாப் மூடி: மூன்று வருடம் மாட்டிப் பார்த்த பிறகு

நண்பர் ஒருவரின் குழந்தை இப்போதுதான் நடக்கப் பழகுகிறது. "நீங்க மாட்டின அந்த நாப் மூடி எப்படி, வாங்கலாமா?" என்று போன வாரம் கேட்டார். அடுப்பைத் திருகும் நாப் தெரியாமல் திரும்பிவிடாதபடி அதன்மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடி அது. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அடுப்பைப் பழுது பார்த்திருந்தோம். அன்றிலிருந்து எனக்கு அந்த மூடிமேல் கடுப்பு.

எங்களுடையது நான்கு பர்னர் கேஸ் அடுப்பு, நாப்கள் முன்பக்கம். மூடி வாங்க வைத்தது குழந்தை இல்லை, என் இடுப்புதான். ஒரு நாள் மாலை அடுப்படிக்குள் நுழைந்ததும் கேஸ் வாடை. நான் மேடையை உரசிக்கொண்டு போனபோது ஒரு நாப் திரும்பியிருக்கிறது. கேஸுக்கென்று தனி வாடை கிடையாது, கசிவு தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அன்று அந்த நாற்றத்துக்கு நன்றி சொன்னேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வைத்தோம். மறுநாளே மூடிக்கு ஆர்டர்.

மூடி சொன்ன வேலையைச் செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நாப் தானாகத் திரும்பவில்லை. மகள் பத்து மாதம் அதோடு போராடிவிட்டு, நாங்கள் திறப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அது மூடியின் தப்பில்லை.

எரிச்சல் வேறு இடத்தில். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த பிளாஸ்டிக் எண்ணெய்ப் புகையிலும் ஆவியிலும் ஆறே மாதத்தில் மங்கி மஞ்சளாகிவிட்டது. உள்ளே நாபின் கோடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. சிம்மில் எரியும் தீ அகலமான பாத்திரத்துக்கு அடியில் கண்ணுக்குப் படாது. அடுப்பு தெரியாமல் பற்றிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பொருளை வாங்கினால், பற்றியிருக்கிறதா இல்லையா என்பதையே அது மறைக்கிறது! தினமும் படுக்கப் போகும் முன் குனிந்து நான்கு மூடியையும் திறந்து பார்த்தேன். மூன்று வருடம், தினமும்.

பழுது பார்க்க வந்தவர் நாபை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அழுத்தித் திருப்பினால்தான் திறக்க வேண்டும், அதுதான் பாதுகாப்பே. எங்கள் வால்வில் பழைய கிரீஸ் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்து, இரண்டு நாப்கள் அழுத்தின நிலையிலேயே சிக்கி நின்றன. சும்மா உரசினாலே திரும்பும். கழற்றித் துடைத்து, கிரீஸ் போட்டு, ஸ்பிரிங் மாற்றினார். அரை மணி நேர வேலை. இப்போது இடுப்பால் இடித்தாலும் அசையவில்லை. பழுதைச் சரிசெய்யாமல் அதன்மேல் மூடி போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

இருந்தாலும் மூடியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் சாம்சங் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் அடுப்புகளைத் திரும்ப அழைத்தது. முன்பக்க நாபில் ஆளோ வளர்ப்புப் பிராணியோ பட்டு அடுப்பு தானாகப் பற்றியதுதான் காரணம். அதற்கு அவர்கள் தந்த தீர்வும் இலவச நாப் பூட்டு அல்லது மூடிதான்.

நண்பருக்கு இப்படித்தான் எழுதினேன்: வாங்காதீர்கள். முதலில் ஒவ்வொரு நாபையும் அழுத்தி விடுங்கள், துள்ளி வெளியே வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். புது அடுப்பு வாங்குவதாக இருந்தால் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வசதி உள்ளதாகப் பாருங்கள். அதில் பர்னர் ஓரத்தில் தெர்மோகப்பிள் என்ற சின்னக் கம்பி இருக்கும். தீயில் அது சூடாகித் தருகிற சில மில்லிவோல்ட்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பற்றவைத்த பிறகும் சில நொடி நாபை அழுத்திப் பிடிக்க வேண்டும், குழந்தை விளையாட்டாகத் திருப்பிவிட்டால் கேஸ் தொடர்ந்து வராது. எங்கள் பழைய அடுப்பில் அது இல்லை.

அனுப்பிவிட்டு நான்கு மூடியையும் கழற்றினேன். சாயங்காலம் மகள் ஸ்டூலை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். சோப்புத் தண்ணீரில் கழுவி நான்கையும் மறுபடி மாட்டிவிட்டேன். மஞ்சள் போகவில்லை.