திரவப் படிக வடிகட்டி என்று சொல்லி விற்ற பெட்டி: ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடலூரில் சிறிய ஆய்வுக்கூடம் நடத்துகிறேன். உப்பனாற்று நீரில் வாழும் டயட்டம் எனும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளை முப்பரிமாணத்தில் படம் பிடிக்க, ஒரு நேரத்தில் ஒரு நிற (அலைநீள) ஒளியை மட்டும் விட்டு, அந்த அலைநீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒளி வடிகட்டி தேவைப்பட்டது. திரவப் படிக வடிகட்டி அந்த வகை, மின்னழுத்தத்தை மாற்றியே அலைநீளத்தை மாற்றும். இறக்குமதி விலையில் பாதிக்குத் தருவதாகப் புதுச்சேரி நிறுவனம் ஒன்று முன்வந்தது. "திரவப் படிக வடிகட்டி, அசையும் பாகம் இல்லை, சாதாரண விளக்கொளியிலும் ஊடுருவல் 90 சதவீதம்" என்று கொட்டேஷனில் எழுதிக் கொடுத்து, முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டியை இயக்கினால் உள்ளே மோட்டார் சத்தம். கேட்டதற்கு, "அது விசிறி சார்" என்றார் விற்பனையாளர். அலைநீளத்தை மாற்றும்போது மட்டும் சுற்றுகிற விசிறியை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், படத்தைப் பொறுக்க முடியவில்லை. ஒளிக் குறுக்கீட்டால் உயரம் அளக்கும் எங்கள் முறையில் அலைநீளத்தைப் படிப்படியாக நகர்த்தி, படிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். ஓட்டில் பட்டு வரும் ஒளியும் ஒப்பீட்டு ஒளியும் சேர்ந்து உண்டாகும் குறுக்கீட்டு ஒளி ஒரு புள்ளியில் ஏறி இறங்கும் விதத்திலிருந்து அதன் உயரம் கணக்கிடப்படும். அதனால் படம் இம்மியும் நகரக் கூடாது. எங்களுக்கோ ஒவ்வொரு படியிலும் படம் ஒரு பக்கமாக நழுவியது. ஓட்டின் நுண்துளை வரிசையெல்லாம் குழம்பிவிட்டது.

உள்ளே இருந்தது, மெல்லிய படலங்கள் பூசிய கண்ணாடியை மோட்டாரால் சாய்த்து இயக்கும் குறுக்கீட்டு வடிகட்டி. சாய்க்கச் சாய்க்க ஊடுருவும் அலைநீளம் நீலத்தை நோக்கி நகரும். கேமராவுக்கு முன்னால் வைத்தால் படமும் கூடவே நகரும். மட்டமான பொருள் என்று சொல்லமாட்டேன். அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

திரவப் படிக வடிகட்டிக்குள், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள் இருக்கும். முன்னால் அதே வேலை செய்யும் ஒரு போலராய்டு தகட்டைப் பிடித்துச் சுழற்றினால் ஏதாவது ஒரு கோணத்தில் ஏறக்குறைய இருண்டுவிட வேண்டும். இது இருளவில்லை. சாதாரண விளக்கொளியில் பாதியை முதல் போலரைசரே தின்றுவிடும் என்பதால், அந்த 90 சதவீதம் நடக்காத கணக்கு. அலைநீள அளவைச் சோதிக்கப் பழைய ட்யூப் லைட் போதும், எல்.இ.டி. உதவாது. ட்யூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசம் உமிழும் பச்சைக் கோடு 546.1 நானோமீட்டரில் விழ வேண்டும். இந்தப் பெட்டி 553 என்றது.

மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று இழுத்தடித்தவர்கள், இப்போது "வணிகத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது" என்று சட்டம் பேசுகிறார்கள். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. இதற்கிடையே விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்கு இதே பெட்டியை வேறு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள். கறுப்பு அலுமினியப் பெட்டி, பக்கவாட்டில் நான்கு திருகுகள், அவற்றின்மேல் "திறந்தால் உத்தரவாதம் செல்லாது" என்ற சிவப்புச் சீட்டு.