ரேடியோ அயோடின் எடுத்த பிறகு: டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது

சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு கிரேவ்ஸ் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைக்கும் நோய். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி மறுபடி ஹைப்பர் தைராய்டு (அதிகச் சுரப்பு) வருகிறது என்று, கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடின் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். “நீங்க எடுத்தீங்களே அக்கா, எப்படி இருக்கு?” என்று கேட்டாள். சில நாள் தனியாகப் படுப்பது, குழந்தையைத் தூக்காமல் இருப்பது, ஆறு மாதம் கர்ப்பம் கூடாது என்பதெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஒரே ஒரு கேப்ஸ்யூல். சில நாள் கழுத்தைத் தொட்டால் வலித்தது. போகப் போகப் படபடப்பு அடங்கியது. டம்ளரைத் தூக்கினால் காபி தளும்பும், அப்படி நடுங்கிய கை நிலைக்கு வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

அப்புறம்தான் தொல்லை. உடம்பு கனத்தது, குளிர் தாங்கவில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. போய்ச் சொன்னால் டி.எஸ்.எச். மட்டும் எடுத்தார்கள். அது தைராய்டைத் தூண்ட மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அது குறையும். “குறைவாத்தான் இருக்கு, இன்னும் ஹைப்பர்தான், பொறுங்க” என்றார்கள். ரொம்ப நாள் ஹைப்பரில் இருந்தவர்களுக்கு பிட்யூட்டரி அடங்கிக் கிடக்கும். தைராய்டு ஓய்ந்த பிறகும் டி.எஸ்.எச். ஏற மாதக்கணக்கில் ஆகலாம். அந்தச் சமயத்தில் ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வேறொரு டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். டி4 அடிமட்டத்தில் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த ரேடியோ அயோடினை (ஐ-131) தைராய்டு செல்களை அழிக்கத்தான் கொடுக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஹைப்போ (சுரப்புக் குறைவு) வரத்தான் செய்யும். வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு டெஸ்ட் எழுதாமல் விடலாமா?

மருந்தின் மேல் பழி போட மாட்டேன். 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கி வைத்த சிகிச்சை, சொன்ன வேலையைச் செய்தது. இப்போது தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலான தைராக்ஸின் மாத்திரை, ஆயுசு முழுக்க. அது பழகிவிட்டது.

ஆனாலும் அவளிடம் அவசரப்படாதே என்றுதான் சொன்னேன். அவளுக்குக் கண் சிவந்து லேசாகத் துருத்தியிருக்கிறது. ரேடியோ அயோடின் அதை இன்னும் மோசமாக்கக்கூடும். சிலருக்குக் கூடவே ஸ்டீராய்டு கொடுப்பது அதனால்தான். முதலில் கண் டாக்டரைப் பார்க்கட்டும். பிறகும் எடுப்பதென்றால், நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4-ம் பார்ப்பார்களா என்று கேப்ஸ்யூலை விழுங்குவதற்கு முன்பே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.