கரியமில வாயுவைப் புதைப்பதா, விற்பதா? எஸ்டெவனும் தூத்துக்குடியும்

கனடாவின் எஸ்டெவன் அருகே பவுண்டரி டாம் அனல்மின் நிலையம் 2014-ல் கரியமில வாயுவைப் பிடிக்கத் தொடங்கியது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் அதே வேலை 2016-ல் தொடங்கியது. இரண்டிலும் எரிவது நிலக்கரி. அடிப்படை உத்தியும் ஒன்றுதான்: கோபுரத்தின் மேலிருந்து கரைப்பான் வழிய, கீழிருந்து ஏறும் புகையிலுள்ள கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு சூடாக்கினால் தனியே பிரிகிறது.

பிடித்த வாயு எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். கனடாவில் பெரும்பகுதி வெய்பர்ன் எண்ணெய் வயலுக்குப் போகிறது. அங்கே வாயு மண்ணுக்கடியில் தங்குகிறதா என்று 2000 முதல் 2012 வரை பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாகக் கண்காணித்தார்கள். தங்குகிறது, ஆனால் வாயு உந்துவதால் கூடுதலாக எண்ணெயும் மேலே வருகிறதே, அதை எரித்தால் மறுபடி கரியமில வாயுதானே!

தூத்துக்குடியில் பிடித்த வாயு உப்போடும் அமோனியாவோடும் சேர்ந்து, கண்ணாடியும் சோப்புத்தூளும் செய்ய உதவும் சோடா ஆஷ் ஆகிறது. கரைப்பான் லண்டனின் கார்பன் கிளீன் நிறுவனத்துடையது, அதைத் தொடங்கியவர்கள் ஐஐடி கரக்பூரில் படித்தவர்கள். அரசு மானியம் இல்லை. ஆனால் அந்தச் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியேறிவிடும்.

கொள்ளளவு ஆண்டுக்கு இங்கே 60,000 டன், அங்கே 10 லட்சம் டன். செலவில் தூத்துக்குடிக்கே என் ஓட்டு, நிரந்தரத்துக்கு வெய்பர்ன்.