கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் ஒரு நாள் பொறுங்கள்: சேலத்தில் நான் ஏமாந்த கதை

பத்மினி, அம்பாசடர், பழைய கார்புரேட்டர் மாருதி 800 என்று பழைய கார்களில் எதையாவது இன்னும் விற்காமல் வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போங்கள். ஷெட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பில் கேட்டு வாங்காதது என் தப்பு, கையில் இருப்பது போனில் பணம் அனுப்பிய கணக்கு மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு பெயர் போட்டுச் சண்டைக்கு நிற்க முடியாது.

என்னுடையது 1989 மாடல் பத்மினி, அப்பா வாங்கியது. 1089 சிசி இன்ஜின், மேலே ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் சாமான். அப்பா அதைத் தானே கழற்றி, பெட்ரோலில் கழுவி, தானே மாட்டுவார், யாரையும் தொட விடமாட்டார். அதில் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரின் மூடியில் அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தார். உள்ளே பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைச் சாமான்களான ஜெட்டுகளின் மேல் பொறித்திருக்கும் எண்களையும் டைரியில் குறித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு எட்டு மாதம் வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது.

மறுபடி எடுத்தபோது பிரச்சினை இப்படித்தான் ஆரம்பித்தது. அடிவாரம் தாண்டி ஏற்காடு மலை ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவில் ஆறோ ஏழோ முடிவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், நாலு வளைவு போகும், மறுபடி நிற்கும். பத்மினிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருக்கிறதே, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி நின்றிருக்கும் என்று இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவது, அதையும் செய்தேன். காத்திருந்ததால் சரியானதை ஈரத்துணியால் சரியானது என்று நம்பிக்கொண்டேன். சமதளத்திலும் பக்கத்தில் இருக்கும் ஓமலூர் வரை போனால் ஒன்றும் ஆகாது, அதைவிடத் தூரமாக ஆத்தூர் ரோட்டில் போனால் வாழப்பாடி நெருங்கும்போது நிற்கும். பெட்ரோல் போடப் போனபோது மூடியைத் திறந்த பையன், "என்னண்ணே, கோலி சோடா மாதிரி சத்தம் வருது?" என்று சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அங்கேயே மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

ஷெட்டில் அந்த ஆள் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "கார்புரேட்டர் போயிருச்சுங்க சார். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான், உள்ளே எல்லாத்தையும் அரிச்சிருச்சு." இதில் பாதி உண்மை, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான், பழைய வண்டிகளின் ரப்பர் வாஷருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரமுக்கும் அது ஆகாது என்பதும் சரிதான். ஆனால் இந்த வண்டியில் அதுதான் கோளாறா என்று அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. புது ஒரிஜினல் பீஸ் 8,500, மாட்டுக்கூலி 1,500 என்றார். வாஷர் கிட் மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கிட் எல்லாம் இப்போது வருவதில்லை என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தால் கார்புரேட்டர் வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளக்கிறது. பெட்டி எங்கே என்றேன். "பெட்டியை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" சரி, பழசு எங்கே? "அது தேஞ்ச சாமான், காயலான் கடைக்குப் போட்டாச்சு." அப்பா பொட்டு வைத்த கார்புரேட்டர் அது. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, ஆனாலும் கடையில் நாலு பேர் நின்றார்கள், கௌரவம் பார்த்துக்கொண்டு பத்தாயிரத்தை அனுப்பிவிட்டு வந்தேன்.

கோரிமேடு வருவதற்குள் பின்னால் கரும்புகை. சிக்னலில் நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், நிலையாக நிற்காமல் ஏறி ஏறி இறங்குகிறது. லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி ஏழுக்கு வந்தது, பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. திரும்பப் போய்க் கேட்டால், "ஏற்காட்டுக்குப் போவீங்கள்ல சார், மேலே காத்து கம்மி, அப்படித்தான் புகையும்" என்கிறார். இதுவும் பாதி உண்மைதான். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, கார்புரேட்டர் வண்டிக்கு அதனால் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகத்தான் கலக்கும். ஆனால் நான் புகை பார்த்தது மலைக்குக் கீழே இருக்கும் கோரிமேட்டில் ஐயா! டியூனிங் என்று ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பி அதற்கும் 600 வாங்கினார்.

அடுத்த ஞாயிறு மலையில் அதே இடத்துக்குப் பக்கத்தில் வண்டி அதே மாதிரி நின்றது. அந்த வழியாகப் போன ஒருவர் போன் பண்ணி, மேலே எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரியவரை வரவழைத்தார். அவர் பானெட் பக்கமே போகவில்லை. என்ன ஆகிறது என்று முழுதும் கேட்டார், நேராகப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். புஸ்ஸ்ஸ். அதே கோலி சோடா. "டேங்க் மூச்சு விட முடியாம திணறுது தம்பி" என்றவர் காருக்கு அடியில் படுத்து, டேங்க்கிலிருந்து காற்றுக்காக வரும் குழாயின் வாயில் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குடைந்தார். காய்ந்த களிமண் பொலபொலவென்று கொட்டியது, அதோடு சுருண்டு காய்ந்த சிலந்திகள் இரண்டு. குளவிக் கூடு. எட்டு மாதம் நின்ற வண்டியில் அது சாவகாசமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க டேங்க்கில் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். கால் மணி நேரம் நின்றால் மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து போகும், வண்டி கிளம்பும். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் குடிப்பதால் அங்கே சீக்கிரம் நிற்கும். உங்கள் வண்டியும் இப்படி விட்டு விட்டு நின்றால், நின்ற இடத்திலேயே பெட்ரோல் மூடியைத் திறந்து மூடிவிட்டு உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லை.

அப்புறம்தான் பெரியவர் கார்புரேட்டரைப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து ஆட்டச் சொன்னார், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. அந்த இடைவெளியில் கள்ளக்காற்று புகுந்துதான் ஐடிலிங் ஏறி இறங்கியிருக்கிறது. சில்வர் பெயின்ட் கேஸ்கெட் ஓரத்திலும் ஸ்குரூ தலைகளின் பள்ளத்திலும் வழிந்து கிடந்தது. புதுப் பொருளில் அங்கே எப்படிப் பெயின்ட் வரும்? வீட்டுக்கு வந்து டைரியை எடுத்து ஒப்பிட்டேன், மெயின் ஜெட் எண்ணே வேறு. கரும்புகைக்கும் காரணம் தெரிந்தது. யாரோ ஒருவருடைய தேய்ந்த கார்புரேட்டரைக் கழுவிப் பெயின்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெரியவர் வாங்கிக்கொண்டது 300 ரூபாய், அதுவும் இறங்கி வந்த செலவுக்கு.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். "ரீகண்டிஷன்னு சொல்லித்தானே சார் போட்டேன்" என்று கூசாமல் சொன்னார். சத்தம் போட்டதில் 2,000 திரும்ப வந்தது. வெளியே வரும்போது அங்கே வேலை செய்யும் பையன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், "காயலான் கடைக்கெல்லாம் போகலண்ணே. உங்களுது நல்ல பீஸு, போன வாரமே ஒரு பார்ட்டிக்குப் போட்டுட்டாங்க."

இனி எந்த ஷெட்டில் எதைக் கழற்றினாலும், கழற்றியது ஆணியாக இருந்தாலும் என் டிக்கியில் வந்து விழுந்த பிறகுதான் காசு. சேலம் பக்கம் சமீபத்தில் யாராவது பத்மினிக்குச் சோலெக்ஸ் மாற்றியிருந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஃப்ளோட் சேம்பர் மூடியைக் கொஞ்சம் பாருங்கள். மேலே சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் கொடுத்த விலையையே கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.