ஓடித் தேய்ந்த லேத்தா, ஓடாமல் கிடந்த லேத்தா?

பழைய லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வாங்கக் கிளம்பினால் கடைசியில் இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்போம். ஒன்று, நேற்றுவரை வேலை செய்துகொண்டிருந்தது. கண்முன்னே ஓட்டிக் காட்டுவார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். மற்றது, பட்டறை மூலையில் வருடக்கணக்காகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பது. துரு, தூசி, எலிப்புழுக்கை எல்லாம் உண்டு. விலை மட்டும் மலிவு. "ஓடுவதை வாங்கு, கிடந்ததைத் தொடாதே" என்பார்கள். சாதாரண மேனுவல் லேத்தைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஓடிக்கொண்டே இருந்தால் தேய்வது இரும்பு. சும்மா கிடந்தால் கெடுவது பெரும்பாலும் ரப்பர், எண்ணெய், மோட்டார் காயில். பின்னவற்றைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம். லேத்தின் அடித்தளமான பெட் தேய்ந்தால் அதை அப்படி மாற்ற முடியாது.

வேலையில் பெரும்பகுதி, ஜாப்பை (கடையும் பொருளை) கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. அதனால் பெட் அங்கேதான் அதிகம் தேயும். எதிர்முனையில் ஜாப்பைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் பார்த்தால் பல மெஷின்களில் புதுசு மாதிரியே இருக்கும். வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடில், தேய்ந்த இடத்தில் கொஞ்சம் தாழும். நீளமான ஜாப்பைக் கடைந்தால் இரண்டு முனையிலும் ஒரே விட்டம் வராது. கண்டுபிடிப்பது சுலபம். சேடிலைச் சக்கருகே கொண்டுவந்து, லாக்கை லேசாக இறுக்கி, கையால் மறுமுனைக்கு நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால் பெட் போய்விட்டது என்று அர்த்தம். சரிசெய்ய வேண்டுமென்றால் மொத்தத்தையும் கழற்றிப் பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். அதோடு முடியாது. பெட்டில் சதை குறைந்தால் சேடில் இன்னும் கீழிறங்கும், மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ நேர்கோட்டிலிருந்து விலகும், அதையும் சரிக்கட்ட வேண்டும். பழைய லேத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது.

வாங்க வருபவர்கள் பலர், கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "பிளே (தளர்வு) அதிகம்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். உள்ளே இருக்கும் பித்தளை நட்டை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற விஷயம் அது. விலை பேச உதவும், அவ்வளவுதான்.

இப்போது தார்ப்பாயைத் தூக்குவோம். பெட்டில் செம்மண் பூசியதுபோல் துரு தெரிந்தால் மனம் சோரவேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். அங்கங்கே சின்னக் குழிகள் இருந்தாலும், சேடில் நீளமானது என்பதால் அவற்றின் மேல் தாண்டிப் போய்விடும். ஆனால் விற்பவர் துருவைப் போக்க ஹேண்ட் கிரைண்டரைப் பெட்டின் மேல் ஓட்டியிருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மோட்டாரை 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்கக் கூடாது. பல நேரம் அது ஈரம்தான். மிதமான சூட்டில் காயவைத்தால் அளவு ஏறிவிடும். ஏறாவிட்டால் காயில் கட்ட வேண்டியதுதான், எந்த ஊரிலும் நடக்கிற வேலை. பெல்ட், ஆயில் சீல், கண்டென்சர் இதற்கெல்லாம் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

கிடந்த லேத்தில் நான் உண்மையில் பயப்படுவது வேறு மூன்று. முதலாவது, அது ஏன் நின்றது என்பது. ஆர்டர் இல்லாமல் நின்றதா, பல்சக்கரம் உடைந்து நின்றதா? பல்சக்கரங்கள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பல்லையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டாவது, காணாமல் போன பாகங்கள். நின்ற மெஷினிலிருந்து ஆளுக்கொன்றாகக் கழற்றிப்போவது பட்டறை வழக்கம். மரையின் அளவுக்கேற்ப மாற்றிப் போடும் சேஞ்ச் கியர் செட் முழுசாக இல்லையென்றால் வேண்டிய மரை எல்லாம் வெட்ட முடியாது; பழைய மாடலுக்கு அது கிடைப்பதும் கடினம். மூன்றாவது, பவர் பிரஸ் போன்ற அதிர்வு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்ததா என்பது. சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் சுற்றாமல் அதிர்ந்துகொண்டே இருந்தால் பேரிங்கில் தடம் விழும். சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் விட்டுவிட்டுத் தட்டுவது விரலுக்குத் தெரியும்.

"இப்பவே சுவிட்ச் போட்டுக் காட்டறேன்" என்று விற்பவர் ஆர்வப்பட்டால் தடுத்துவிடுங்கள். எண்ணெய்த் துளைகளில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, புது எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகு, குறைந்த வேகத்தில்தான் முதல் ஓட்டம்.

பளபளவென்று பெயிண்ட் அடித்து 'ரீகண்டிஷன்' என்று விற்பது மூன்றாவது ரகம். பெட்டைக் கிரைண்ட் செய்ததற்கும் சேடிலை ஸ்க்ரேப்பிங் (கையால் சுரண்டிச் சமப்படுத்துவது) செய்ததற்கும் தடயம் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெயிண்ட்டுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அதைவிடத் துருவோடு இருப்பதே மேல். உள்ளது உள்ளபடி தெரியும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி லேத் என்றால் மட்டும் என் கட்சி மாறும். அங்கே ஓடுவதையே வாங்குங்கள். பல கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்கள் (மெஷினுக்கான அமைப்பு எண்கள்) பேட்டரியை நம்பித்தான் நினைவில் நிற்கின்றன. கிடந்த காலத்தில் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் கரண்ட் பார்க்காத டிரைவுக்கு (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) நேராக முழு வோல்டேஜ் கொடுத்தால் அதிலிருக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும்; படிப்படியாக ஏற்ற வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். எலக்ட்ரிக்கல் பேனல் கதவுக்கு உள்ளே பாராமீட்டர் தாள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தாளும் இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால் இரும்பு எடைக்கு மேல் ஒரு காசு பேசாதீர்கள்.